நம் வீட்டுக் குழாய், அவள் வீட்டுக் குடம்



சென்ற இதழில் கோடைக்கு ஏற்ற நீர்மோர், பானகம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். "எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதில் மோர் கரைத்தால் உப்பே போட வேண்டியதில்லை. இதைக் குடிக்கலாமா, கூடாதா?" பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது எங்கெங்கோ போய், கடைசியில் எங்கள் மீன்காரம்மாவிடம் போய் நின்றுவிட்டது. ஆகையால் இந்த முறை சமையல் குறிப்பு கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் இருப்பது வட சென்னையில். புதனும் ஞாயிறும் மீன்காரம்மா வருவாள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஏலம் எடுத்து, பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும்போது மணி எட்டரை ஆகிவிடும். மடவை, கிழங்கான், இறால், சில நாள் பச்சை நண்டு. இருபது வருஷப் பழக்கம். அவள் தராசுக்கு நான் மறு எடை போட்டதில்லை. நான் கொடுக்கும் பணத்தை அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரம் முடிந்து கிளம்பும்போது இரண்டு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டி, "யம்மா, கொஞ்சம் தண்ணி புட்ச்சிக் குடு" என்பாள். வழியில் தாகத்துக்கு என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டபோதுதான் சொன்னாள்: "வயிக்கு இல்லம்மா, ஊட்டுக்குத்தான். உங்க ஊட்டுத் தண்ணியிலே டீ போட்டா நல்லாகீது. எங்க தண்ணியிலே பாலு திரிஞ்சி பூடுது."

கடலும் ஏரியும் சூழ்ந்த ஊர்க்காரி, மூன்றாவது மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு, இரண்டு லிட்டர் பாரத்தை ரயிலேற்றிக் கொண்டுபோகிறாள். சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

போன வருஷம் அவள் மருமகள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம். "காலெல்லாம் வீங்கிக் கீது, டாக்டரம்மா பிரஷர்னு சொல்றாங்க, நீதான் பொஸ்தகத்திலே எய்தறியே, வந்து பாத்துட்டுச் சொல்லும்மா" என்றாள். நான் டாக்டர் இல்லை, எழுதுகிறவள்தான் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் அவளோடேயே கிளம்பிவிட்டேன்.

பழவேற்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரிய உப்புநீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் நம்முடையது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வந்து போகும். இரண்டும் கலந்த தண்ணீரில்தான் இறால் வளரும். கடலில் முட்டையிட்டு, குஞ்சாக ஏரிக்குள் வந்து, கொழுத்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதற்குக்கூட அங்கே 'பாடு' என்று பழைய முறை உண்டு. சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை வராமல் இருக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டியதும், அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருப்பதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, காட்டுப்பள்ளி வரைக்கும் ஒரு மணல் கரை நீளமாகப் போகிறது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் காயலும். நடுவில் மணல் மேடு, சவுக்கு, பனை, குப்பங்கள். அவள் வீடு அங்கேதான்.

போனதும் எனக்குக் காபி கொடுக்க வேண்டும் என்று ஒரே தடபுடல். கேன் தண்ணீர் எடுத்தாள். "கேனு முப்பது நாப்பது ரூவா. குடிக்கவும் டீக்கும் மட்டும் அது. சோறு பொங்கறது, கொழம்பு வெக்கறது எல்லாம் கொடத்துத் தண்ணி." குடத்துத் தண்ணீரை ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. மோரில் ஒரு சிட்டிகை உப்பு அதிகமாகிப் போனால் எப்படியிருக்கும், அப்படி.

மருமகள் சின்னப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. அட்டையில் 150, 100 என்று எழுதியிருந்தது. "உப்பைக் கொறைன்னு சொன்னாங்க ஆஸ்பத்திரியிலே. நானும் ஒரு மாசமா இவளுக்கு உப்பில்லாத சோறுதான் போடறேன். கருவாடு கண்ணிலே காட்டறதில்லே. அப்டியும் எறங்கலியே" என்று மாமியார்க்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

உப்பில்லாத சோறு. அதை வடித்தது எந்தத் தண்ணீரில்?

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன், பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. இனி தண்ணீருக்கு வாருங்கள். நம் நாட்டுத் தர நிர்ணயப்படி குடிதண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1,000 வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். அந்த 1,000 முழுவதும் சோற்றுப்பாக இருப்பதாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் உப்பு. குடிப்பது, சோறு, குழம்பு, கஞ்சி எல்லாம் சேர்த்து மூன்று லிட்டர் உள்ளே போனால், ஐந்து கிராம் தண்ணீரிலேயே முடிந்துபோச்சு! ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையுமே இன்னும் தொடவில்லை.

இந்தப் பெண்ணுக்கு வந்த ரத்தக் கொதிப்புக்கு அந்தக் குடம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. முதல் பிரசவத்தில் பல காரணங்களால் வரும். நல்ல தண்ணீர் ஊரிலும் வரும். ஆனால் வங்கதேசத்தின் தென்கோடியில் டாக்கோப் என்ற கடலோர வட்டாரத்தில் கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. குடிதண்ணீரில் உப்பு ஏற ஏற, கர்ப்ப காலத்து ரத்தக் கொதிப்பும் அதனால் வரும் உபத்திரவங்களும் கூடுவதாக அதில் கண்டார்கள். அந்த வட்டாரத்தில் மழைக்காலத்தைவிட வறண்ட மாதங்களில் இந்தக் கோளாறு அதிகம். "கோடையிலேதாம்மா இங்கே கர்ப்பஸ்திரீங்களுக்குக் கால் வீக்கம் ஜாஸ்தி" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எதையும் படிக்காமலே சொன்னாள்.

அந்தப் பாட்டிதான் என்னை ஊற்று காட்ட அழைத்துப் போனாள். மணல் மேட்டின் இறக்கத்தில் ஒரு பள்ளம். அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் முழங்கை ஆழம் தோண்டினால் போதுமாம், தண்ணீர் சுரக்கும். கொட்டாங்கச்சியால் மெல்ல மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார்கள். "அவசரப்பட்டு வாரி மொண்டா மாமியா கையிலேயே அடிப்பா. மெள்ள மொள்ளுடி, கீயிருந்து உப்பு ஏறிக்கும்னு சொல்லுவா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதே சங்கதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு டச்சுக்கார எஞ்சினியரும், பிறகு ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கணக்குப் போட்டுப் புகழ் பெற்றார்கள். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்று பேர். நம் சமையலறைப் பாஷையில் சொல்கிறேன். ஒரு கண்ணாடி டம்ளரில் நன்னாரிப் பாகை ஊற்றி, அதன்மேல் ஸ்பூனை வைத்து மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பாகு அடியில், தண்ணீர் மேலே, கலக்காமல் நிற்கும். மணல் கரையின் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். கனமான கடல் தண்ணீர் அடியில். மழையில் மணல் குடித்த நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. மேலாக உறிஞ்சினால் நல்ல தண்ணீர் வரும். உறிஞ்சுகுழலை ஆழமாக விட்டு வேகமாக இழுத்தால் பாகு ஏறிவிடும்.

கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரைக்கும் அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். ஓர் அடிக்கு நாற்பது அடி! மணல் மேட்டை வெட்டி எடுத்தாலும் சரி, கடல் அரித்துக் கரை ஒடுங்கினாலும் சரி, ஆழ்குழாய் போட்டு இறைத்தாலும் சரி, கடைசியில் வந்து நிற்பது அந்தக் கொட்டாங்கச்சியில்.

இதெல்லாம் புஸ்தகக் கணக்கு, நிஜத்தில் நடக்குமா என்று கேட்பவர்கள் பக்கத்தில் உள்ள மீஞ்சூரைப் பார்க்கலாம். ஐக்கிய நாடுகள் சபை உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் ஆராய்ந்து, ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் வண்டல் பூமியில் ஏராளமான நிலத்தடி நீர் இருப்பதாகச் சொன்னார்கள். 1969இலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று குழாய்க் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். விவசாயிகளும் இறைத்தார்கள். அப்போது நிலத்தடியில் கடல் உப்பு கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. 1983 வாக்கில் 7 கிலோமீட்டர். பிறகு பத்தையும் தாண்டியது. நெல் விளைந்த வயல்களின் கிணறு உவர்த்துப் போயிற்று. 1987இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் வந்தது, உப்பு திரும்பிப் போகவில்லை.

நிலத்தடி நீர் பற்றாமல் போகவே, கடல் தண்ணீரையே நல்ல தண்ணீராக்க ஏற்பாடு நடந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வடிக்கக்கூடிய ஆலை 2010இல் திறக்கப்பட்டது. எங்கே தெரியுமா? அதே காட்டுப்பள்ளியில், அதே மணல் கரையில். பேர் என்னவோ மீஞ்சூர் ஆலை. அங்கிருந்து குழாய் போட்டு வட சென்னைக்கு வருகிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதிலும் அது கலந்திருக்கிறது. அதாவது மீன்காரம்மாவின் வீட்டுக்குத் தெற்கே, அவள் புருஷன் வலை போடும் கடலிலிருந்து எடுத்த தண்ணீர், குழாயேறி எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்து, அவள் பாட்டிலில் இறங்கி, ரயிலேறி, பஸ்ஸேறித் திரும்பவும் அவள் வீட்டுக்கே போகிறது. இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நான் திருடல, என் தண்ணியத்தான் எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

இப்போது துறைமுக விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கரைக்கு 1994இல் வட சென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம். பிறகு காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் என்ற மீனவர் ஊரே வேறு இடத்துக்குப் பெயர்ந்தது. அந்தத் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கராக விரிவுபடுத்தத் திட்டம் போட்டார்கள். ஐம்பத்து மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பு. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலையே மண் கொட்டித் தூர்த்து நிலமாக்குவது. 2021 ஜனவரி 22ஆம் தேதி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பும் கொரோனாவும் சேர்ந்து அது தள்ளிப்போயிற்று. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் குப்பங்கள் கொந்தளித்தன. கறுப்புக் கொடி ஏறியது.

"எங்கூட்டு மாமியா ஸ்ரீஹரிகோட்டாவிலேந்து வந்தது. ராக்கெட்டு வுடணும்னு ஊரைக் காலி பண்ணாங்க. சரின்னு வந்தோம். திரும்பியும் போவ இன்னா இடம் கீது? கடலுக்குள்ளாற போறதா?" என்றாள் மீன்காரம்மா. 1970ஐ ஒட்டி அந்தத் தீவிலிருந்து எழுப்பப்பட்ட பல குடும்பங்கள் பழவேற்காட்டுக் கரைக்கு வந்தது வாஸ்தவம்தான். ஒரே தலைமுறையில் இரண்டாவது தடவை மூட்டை கட்டுவது என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

என் அண்ணன் மகன் கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவனுக்கும் எனக்கும் மகாபாரதம்தான். "அத்தை, உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கப்பலில்தான் வந்தது. துறைமுகம் வேண்டாம், வேலை வேண்டாம் என்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அந்தக் குப்பத்துப் பையன்களே வேலை கேட்டு நிற்கிறார்கள்" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. காட்டுப்பள்ளிக் குப்பத்துக்காரர்களுக்கு வேலை கிடைத்தது. அது ஒப்பந்த வேலையாகவே இருக்கிறது, நிரந்தரம் செய்யுங்கள் என்று அவர்கள் போராடியதும் பேப்பரில் வந்ததுதான்.

நான் அவனுக்குச் சொன்ன பதில் வேறு. வாசல் பெருக்கும்போது குறுக்கே ஒரு மரப்பலகை கிடந்தால் என்ன ஆகும்? பலகைக்கு இந்தப் பக்கம் மண் குவியும். அந்தப் பக்கம் தரை தேய்ந்து வெறிச்சோடிப் போகும். நம் கிழக்குக் கரையில் அலைகள் வருஷம் பூராவும் சேர்த்துப் பார்த்தால் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே பெருக்கிக்கொண்டே போகின்றன. சென்னைத் துறைமுகத்துக்கு 1876இல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கே மெரினா அகலமானது. நாமெல்லாம் சுண்டல் சாப்பிடப் போகிறோம். வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடல் தின்றுவிட்டது. கருங்கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் சுவர் நிற்கிறது. அதற்கு வடக்கே என்ன இருக்கிறது? அவள் ஊரும், அந்த ஒடுங்கிய மணல் கரையும், அதற்கப்பால் பழவேற்காடு ஏரியும். கரை அரித்து அறுந்துபோனால் ஏரி ஏது, கடல் ஏது? நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அளவோடு கலக்கிற அந்தப் பக்குவம் போய்விட்டால் இறால் வராது. இறால் வராவிட்டால் என் சமையலறைக்கு நஷ்டம் ஒரு வேளைக் குழம்பு. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அன்றைய அரிசியே நஷ்டம்.

"ஆராய்ச்சி செய்துதானே கட்டுவார்கள்?" என்றான். செய்யட்டும். அந்த ஆராய்ச்சியில் முழங்கை ஆழத்து ஊற்றும் வந்திருக்கிறதா என்றுதான் அந்தப் பாட்டி கேட்கிறாள். அதற்கு அவனிடமும் பதிலில்லை, என்னிடமும் இல்லை.

துறைமுகம் மட்டும் என்றில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் மனைப் பிரிவுப் பலகைகள். அஸ்திவாரக் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, 'தொழில் நகரம் வருகிறது, இன்றே முந்துங்கள்' என்கிற மாதிரி. சென்னை-பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பொன்னேரியைத் தொழில் நகரமாக வளர்க்கத் திட்டம் போட்டதிலிருந்து இந்த வேகம். வீடு கட்டுவது தப்பா என்ன? நானும் அப்படி ஒரு பிளாட்டில்தான் இருக்கிறேன். ஆனால் பத்து மனைக்குப் பத்து போர். ஓர் அடிக்கு நாற்பது அடி என்ற கணக்கு அந்தப் பலகையில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மனை வாங்கப் போகிற சகோதரிகள் பட்டா, வில்லங்கம் பார்ப்பதோடு, பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீரும் வாங்கிக் குடித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் போய்ப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் எல்லாக் கிணறும் இனிக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்றேனே, அது என்ன என்று சிலர் கேட்கலாம். 2006ஆம் வருஷத்து மத்திய அரசு அறிவிக்கையின்படி இப்படிப்பட்ட பெரிய திட்டங்களுக்கு முன்னால், அந்தந்த இடத்திலேயே மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். முப்பது நாளாவது முன்னால் நோட்டீஸ் வேண்டும். கலெக்டரோ அவருக்குப் பதிலாக வரும் அதிகாரியோ தலைமை வகிப்பார். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். பேசத் தெரியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். மீன்காரம்மாவின் ஊரில் பெண்கள் கூடி எழுதிவைத்திருந்த மனுவைக் காட்டினார்கள். பெரும்பாலும் ஆண்கள் பேசுவது வலை, படகு, மீன் வரத்து. பெண்கள் மனுவில் முதல் வரியே குடிதண்ணீர். அதுதானே இயல்பு? தண்ணீர் உப்பாகிவிட்டது என்பது வீட்டில் முதலில் யாருக்குத் தெரியும்? பருப்பு வேகாதபோதும், பால் திரிகிறபோதும், சோப்பு நுரைக்காதபோதும், குழந்தை முகம் சுளிக்கிறபோதும் நமக்குத்தான் தெரியும். மானி வைத்து அளக்கிறவர்கள் வருவது அப்புறம்.

சரி, கடிதம் எழுதிய சகோதரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கும். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும், அவ்வளவுதான். தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்று நினைக்காதீர்கள். ஆர்.ஓ. மெஷின் உப்பை எடுக்கும். ஆனால் ஒரு குடம் கொடுத்தால் அதைவிட அதிகம் கீழே கொட்டும். அந்தக் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் குடிப்பதற்கு மட்டும் என்று ஒதுக்காமல், சோறு வடிக்கவும் கஞ்சிக்கும் அதையே எடுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க உப்புத் தண்ணீர் போகட்டும். வீட்டில் ரத்தக் கொதிப்புக்காரர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பஸ்திரீ இருந்தால் இதில் சால்ஜாப்பே கூடாது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தச் சீட்டை டாக்டரிடமும் காட்டுங்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிறோம். அந்த உப்பின் அளவு நல்ல தண்ணீருக்காகக் கணக்குப் பண்ணியது. கரிக்கிற தண்ணீரில் கரைத்தால் உப்பு அளவுக்கு மீறிப்போகும், மருந்தே விஷமாகலாம். அதற்கென்று இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் எப்போதும் மூடி வைத்திருங்கள். மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரைப் பிடிப்பவர்கள், முதல் மழையைத் தரை கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

மருமகள் விஷயத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சோற்றுக்கும் கேன் தண்ணீரே எடுக்கச் சொன்னேன். கேனுக்கு ஆகும் செலவைக் கேட்டு மீன்காரம்மா பெருமூச்சு விட்டாள், ஆனாலும் செய்தாள். வாரம் ஒருமுறை பிரஷர் பார்க்கத் தவறக்கூடாது, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன். எட்டரை மாதத்தில் வலி எடுத்தது. பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தாயும் சேயும் சுகம்.

அடுத்த புதன்கிழமை மீன்காரம்மா வந்தபோது இனிப்பு கொண்டுவந்தாள். கிளம்பும்போது வழக்கமான இரண்டு பாட்டிலோடு மூன்றாவது ஒன்றையும் நீட்டினாள். எனக்குப் பகீரென்றது. "பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது, தெரியுமோ இல்லையோ?" என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன்.

முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கொயந்தைக்கு யாரும்மா கேட்டா? இது அத்தப் பெத்தவளுக்கு."

மூன்றையும் நிரப்பிக் கொடுத்தேன்.